கலைவாணர் காட்டிய இல்லறம்

சென்ற பருவத் தேர்வு முடிந்த இரவு, எங்கள் விடுதிக் கூடத்தில் தமிழ் மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி ஒரு படம் பார்த்தோம். பாலு மகேந்திரா இயக்கி 1995-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ அது. மனைவியிடம் சலிப்புற்று வேறொரு பெண்ணை நாடும் கணவனாக ரமேஷ் அரவிந்த், அவர் மனைவி லீலாவதியாகக் கல்பனா, அந்த இரகசியத்துக்கு விரும்பாமலே உடந்தையாகும் கொங்கு நாட்டு மருத்துவராகக் கமல்ஹாசன், அவர் மனைவியாகக் கோவை சரளா. கணவன் தன் காதலியோடு ஊரார் கண்ணுக்குத் தப்பி வந்து சேரும் இடம் வேறெதுவும் அன்று, நம் பெங்களூர்தான். அந்தக் காட்சி வந்ததும் கூடத்தில் எழுந்த சிரிப்பு அடங்கச் சில நிமிடங்கள் ஆயின.

படம் முடிந்ததும் ஒரு வாதம் பிறந்தது. கணவன் மனைவி உறவையும் அதன் ஓட்டைகளையும் இப்படிச் சிரித்துக்கொண்டே பேசுவது மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்றார் ஒரு நண்பர். பழைய தமிழ்ப் படங்களில் கற்பும் கண்ணீரும்தான் உண்டு என்றார் இன்னொருவர். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. படத்தின் பெயரே என் நினைவைப் பின்னோக்கி இழுத்தது.

1936-இலும் ஒரு ‘சதி லீலாவதி’ வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை, எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கியது. அதிலும் கணவன் வழி தவறுகிறான். குடியும் பரத்தை மோகமும் அவனைக் கெடுக்கின்றன. நண்பனைச் சுட்டுவிட்டதாக அஞ்சி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். மனைவியோ வறுமையில் நூல் நூற்று, அவன் வருகைக்குக் காத்திருக்கிறாள். முந்தைய லீலாவதி காத்திருந்தாள். பிந்தைய லீலாவதி கேள்வி கேட்டாள். பெயர் ஒன்றுதான், இடையில் 59 ஆண்டுகள்.

அந்த 59 ஆண்டுகளில் தமிழ் மக்களின் சிரிப்பு எப்படி மாறியது? முந்தைய ‘சதி லீலாவதி’யில் நடிக்க வந்த புதுமுகங்களில் எம். ஜி. இராமச்சந்திரன் ஒருவர், டி. எஸ். பாலையா ஒருவர். அவர்களோடு வந்த மற்றொருவரிடம்தான் இந்தக் கேள்விக்கான விடையின் பெரும் பகுதி இருக்கிறது. அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

பிறப்பும் வளர்ப்பும்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தை சுடலையாண்டிப் பிள்ளை; தாய் இசக்கியம்மாள். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. நானும் அந்த மாவட்டத்துப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் சுடலை, இசக்கி என்ற பெயர்களைக் கேட்டாலே அம்மன் கொடையும் வில்லுப்பாட்டும் நினைவுக்கு வந்துவிடும். வில்லடியும் குடத்தின் ஓசையும் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர் என்று சொல்ல வேறு சான்று தேவையில்லை.

வீட்டில் வறுமை. நான்காம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு பின்னும் வேலை பார்த்தார். மளிகைக் கடையில் நின்றார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்பதற்காக உள்ளே போன பையனின் கண் மேடையை விட்டு அகலவில்லை. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் பால சண்முகானந்த சபாவில் சேர்ந்தார்.

அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளை இன்றைய மாணவர் நினைத்துப் பார்ப்பது கடினம். சிறுவர்கள் ஊர் ஊராகச் சென்று, கொட்டகையிலேயே உண்டு உறங்கி, பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்து நடித்தார்கள். பெண் வேடத்தையும் பையன்களே போட்டார்கள். மேடையில் மனைவி என்பவள் புடைவை கட்டிய ஓர் ஆண். அவள் பேசும் பேச்சு ஓர் ஆண் எழுதிக் கொடுத்தது. அப்படிப்பட்ட மேடையில் பழகிய கிருஷ்ணன், பிற்காலத்தில் பெண்ணே பெண்ணுக்காகப் பேசும் நகைச்சுவையை வளர்த்தார் என்பதை மனத்தில் வைக்க வேண்டும்.

திரையில் ஒரு தனி வழி

‘மேனகா’ 1935-இல் வெளிவந்து அவர் முகத்தை முதலில் திரையில் காட்டியது. அடுத்த ஆண்டு ‘சதி லீலாவதி’ வந்தது. அப்போதைய படங்களில் ஐம்பது, அறுபது பாட்டு இருக்கும். கதை புராணமாகவோ இராஜா இராணிக் கதையாகவோ இருக்கும். நடுநடுவே சிரிப்புக்கென்று ஒரு துண்டு வேண்டும். கிருஷ்ணன் அந்தத் துண்டைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். தம் பகுதியைத் தாமே யோசித்து, தம் குழுவைக் கொண்டே நடித்து, படத்தோடு இணைக்கும் முறையை வளர்த்தார். கதாநாயகனின் கதை ஒரு பாதையில் போகும். இவருடைய கதை அதற்கு இணையாக இன்னொரு பாதையில் போகும். ஒரே நுழைவுச் சீட்டில் இரண்டு படம் பார்த்த நிறைவு மக்களுக்கு.

இந்த முறையில் ஒரு வசதி இருந்தது. மேலே அரசனும் அரசியும் காதல் கீதம் பாடிக்கொண்டிருக்கும்போது, கீழே ஏழை வீட்டில் அரிசி இருக்கிறதா இல்லையா என்று கணவனும் மனைவியும் சண்டை போடலாம். தணிக்கைக்குப் பயந்து முதற்கதை சொல்லத் தயங்கியதைக் கூட இந்தக் கிளைக்கதை சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சண்டைக்கு இன்னொருவர் வேண்டுமல்லவா? அவரும் விரைவில் கிடைத்தார்.

புனேயில் ஒரு பொய்

‘வசந்தசேனா’ என்ற படம் 1936-இல் புனேயில் எடுக்கப்பட்டது. திருச்சிப் பக்கத்திலிருந்து நடிக்க வந்திருந்தார் டி. ஏ. மதுரம். வந்த இடத்தில் படக் குழுவினர் செலவுக்குப் பணமின்றித் தவித்தபோது, மதுரம் தம் கைப்பொருளைக் கொடுத்து உதவினார் என்று சொல்வார்கள். உதவி பழக்கமாயிற்று, பழக்கம் காதலாயிற்று, புனேயிலேயே திருமணமும் நடந்தது.

ஆனால் கிருஷ்ணனுக்கு ஊரில் ஏற்கெனவே நாகம்மை என்ற மனைவி இருந்தார். அதை மறைத்தே மதுரத்தை மணந்தார். உண்மை தெரிந்து மதுரம் கேட்டபோது, ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்ற பழமொழியைச் சுட்டி, தாம் சொன்னது ஒரே ஒரு பொய்தான் என்று கணக்குக் காட்டிச் சமாளித்தார் என்பது பலரும் சொல்லும் கதை.

இந்தக் கதையை நான் சிறு வயதில் ஊரில் கேட்டிருக்கிறேன். சொன்னவரும் சிரித்தார்; கேட்டவரும் சிரித்தார்கள்; நானும் சிரித்தேன். நாகம்மை அன்று என்ன நினைத்தார், மதுரம் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. கலைவாணரின் புகழைப் பேசும் கட்டுரையில் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நான் அறிவியல் மாணவன். சோதனைச் சாலையில் நமக்குச் சாதகமான அளவை மட்டும் ஏட்டில் குறித்துக்கொண்டு பாதகமானதை விட்டுவிட்டால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி அன்று. பெரியோர் வாழ்க்கைக்கும் அதே விதிதான்.

எதிர்வாதம் பேசிய மனைவி

பொய்யில் தொடங்கிய அந்த உறவு, தமிழ்த் திரையின் மிகச் சிறந்த கூட்டாக வளர்ந்தது. ‘அம்பிகாபதி’ (1937), ‘திருநீலகண்டர்’ (1939), ‘ஆர்யமாலா’ (1941), ‘கண்ணகி’ (1942), ‘மங்கம்மா சபதம்’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944) என்று அந்நாளில் ஓடிய படங்களின் பட்டியலைப் பார்த்தால், நாயகர்கள் மாறுவார்கள், நாயகிகள் மாறுவார்கள். நகைச்சுவைக்கு மட்டும் பெரும்பாலும் கிருஷ்ணனும் மதுரமும்தான்.

இவர்களுடைய நகைச்சுவை எப்படி இயங்கியது? வில்லுப்பாட்டில் புலவர் கதை சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார். சில இடங்களில் ஆமாம் போடாமல் குறுக்குக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியால்தான் கதை நகரும். கிருஷ்ணன் இந்த அமைப்பைக் கணவன் மனைவி உறவுக்குள் கொண்டுவந்தார் என்பது என் எண்ணம். கணவன் ஏதோ பெரிதாக அளப்பான். மனைவி ஆமாம் போடாமல் ஒரு கேள்வி கேட்பாள். அவன் அளந்த அளப்பு காற்றுப் போன பந்து போலச் சுருங்கிவிடும். சிரிப்பு அந்த இடத்தில் பிறக்கும்.

அந்தச் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதே முக்கியம். இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் உலவும் மனைவி நகைச்சுவைத் துணுக்குகளைப் பாருங்கள். மனைவி என்றால் சண்டைக்காரி, செலவாளி, பருத்தவள், புத்தி குறைந்தவள். சிரிப்பு முழுவதும் அவள் தலையில்தான். எண்பது ஆண்டுகளுக்கு முன் மதுரம் நின்ற இடம் இதைவிட உயரமானது. அவர் பேச்சில் கணவனுக்கு நிகராக நின்றார். பல இடங்களில் கணவனை வென்றார். தோற்ற கணவனாக நின்று சிரிப்பை ஏற்றுக்கொண்டவர் கிருஷ்ணன். மனைவியிடம் தோற்பது ஆண்மைக்கு இழுக்கு என்று நம்பிய மக்கள், கொட்டகை இருட்டில் அந்தத் தோல்வியை இரசித்தார்கள்.

‘திருநீலகண்டர்’ கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியபுராணம் சொல்லும் பழைய கதை அது. பரத்தை வீட்டுக்குச் சென்று திரும்பிய கணவனை மனைவி தீண்டவிடவில்லை. இறைவன் மேல் ஆணையிட்டுத் தடுத்துவிட்டாள். ஒரே வீட்டில், ஒருவரையொருவர் தொடாமல், முதுமை வரை வாழ்ந்தார்கள். தன் உடல் மேல் தனக்கே உரிமை என்று ஒரு மனைவி சொல்வது தமிழருக்கு மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை அன்று என்பதற்கு இது போதும். தியாகராஜ பாகவதர் நாயனாராக நடித்த அந்தப் படத்தில் இதே இல்லறக் கதையின் பக்கத்திலேயே கிருஷ்ணனும் மதுரமும் சிரிப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிறைக்கு வெளியே மதுரம்

1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் நடித்த பாகவதரும் கிருஷ்ணனும் அந்த வெற்றியைச் சிறைக்குள் இருந்தபடியே கேள்விப்பட வேண்டியதாயிற்று. நடிகர்களின் அந்தரங்கத்தை அவதூறாக எழுதிவந்த இலட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் 1944 நவம்பரில் சென்னையில் குத்துண்டு இறந்தார். அந்த வழக்கில் இருவரும் கைது செய்யப்பட்டு, 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள்.

கணவன் சிறையில், வழக்குக்குப் பணம் வேண்டும், நம்பியிருந்த நாடகக் குழுவினருக்குச் சோறு வேண்டும். 1936-இன் லீலாவதியாக இருந்தால் நூல் நூற்றுக் காத்திருப்பாள். மதுரம் காத்திருக்கவில்லை. என்.எஸ்.கே. நாடக சபா என்ற பெயரில் குழுவை நடத்தினார். எஸ். வி. சகஸ்ரநாமம் துணை நின்றார். ‘பைத்தியக்காரன்’ என்ற நாடகம் மேடையேறியது. கைம்பெண் மறுமணத்தை ஆதரித்துப் பேசிய அந்த நாடகம் பின்னர் 1947-இல் படமாகவும் வந்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுபடியும் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். வெளியே வந்த கிருஷ்ணன் ‘பைத்தியக்காரன்’ படத்தில் தாமும் ஒரு வேடம் ஏற்றார்.

பாகவதரால் பழைய நிலைக்குத் திரும்ப முடியவில்லை. கிருஷ்ணன் திரும்பினார். இதற்கு அவருடைய திறமை ஒரு காரணம் என்றால், அவர் இல்லாத இரண்டரை ஆண்டுகள் குழுவைக் கலையவிடாமல் வைத்திருந்த மதுரம் மற்றொரு காரணம். வரலாறு எழுதுவோர் இதை ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அது நியாயமன்று.

சிரிப்புக்குள் சீர்திருத்தம்

விடுதலைக்குப் பிறகு வந்த படங்களில் கிருஷ்ணனின் நோக்கம் இன்னும் தெளிவாயிற்று. ‘நல்லதம்பி’ (1949) அறிஞர் அண்ணா எழுதியது. அமெரிக்க இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் 1936-ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் சாயலில், எதிர்பாராமல் பெருஞ்சொத்துக்கு உரியவனாகும் ஓர் எளிய மனிதனின் கதை. மதுவிலக்கும் கல்வியும் அதில் பேசப்பட்டன. நந்தனார் கதையைத் திருப்பிப் போட்டு, கல்விக்காக ஏங்கும் தாழ்த்தப்பட்ட சிறுவன் கிந்தனின் கதையைக் காலட்சேபமாக அவர் நடத்தியதும் அதில்தான்.

‘மணமகள்’ 1951-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளிவந்தது. மலையாள நாடகம் ஒன்றைத் தழுவிய கதை, உரையாடல் மு. கருணாநிதி, இயக்கம் என்.எஸ். கிருஷ்ணனே. பத்மினியும் லலிதாவும் நடித்தார்கள். எம். எல். வசந்தகுமாரி பாடிய பாரதியாரின் கண்ணம்மா பாட்டு இன்றும் கச்சேரிகளில் அந்தப் பட மெட்டிலேயே ஒலிக்கிறது. பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல் நடக்கும் மணங்களையும், வயதும் பணமும் உள்ள ஆணின் வேட்கையையும் அந்தப் படம் நேருக்கு நேர் நிறுத்தியது. அடுத்த ஆண்டு ‘பணம்’ வந்தது. சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த அந்தப் படத்தையும் அவரே இயக்கினார். வரதட்சணை கேட்டு மருமகளை வாட்டும் பேராசையே அதன் கரு.

‘முதல் தேதி’ (1955) நடுத்தரக் குடும்பத்தின் மாதச் சம்பளக் கதை. சம்பளம் வந்த முதல் இருபது நாள் கொண்டாட்டமும் அடுத்த பத்து நாள் திண்டாட்டமுமாக இல்லறம் நடப்பதை அவர் பாடிக் காட்டினார். இன்று உதவித்தொகையில் வாழும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு அந்தக் கணக்கு எளிதில் புரியும்.

அறிவியல் மாணவனாகிய எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. உடுமலை நாராயண கவி எழுதி, கிருஷ்ணனும் மதுரமும் பாடிய விஞ்ஞானப் பாட்டு. கணவன் விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாகப் பெருமை பேசுகிறான். பொத்தானைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது கனவு. அதைக் கேட்டுச் சிரித்தவர்கள், அந்த இட்டிலியை அதுவரை யார் அரைத்து, யார் அவித்து, யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று ஒரு கணமாவது நினைத்திருப்பார்கள். விஞ்ஞானம் முதலில் நுழைய வேண்டிய இடம் அடுக்களை என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் ஒரு முரண்

மதுரத்துக்குப் பிறந்த பெண் குழந்தை பிழைக்கவில்லை. பின்னர் மதுரத்தின் தங்கை வேம்புவையும் கிருஷ்ணன் மணந்தார். மதுரமே முன்னின்று அந்தத் திருமணத்தை நடத்திவைத்தார் என்பார்கள். பிறந்த பிள்ளைகளை மதுரம் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அந்தப் பெருந்தன்மையைக் காட்ட வேண்டிய நிலை ஓர் ஆணுக்கு ஏன் வரவில்லை என்று இன்றைய மாணவிகள் கேட்டால், விடை சொல்ல நம்மால் முடியாது.

காலம் அப்படிப்பட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்தக் காலமே மாறிக்கொண்டுதான் இருந்தது. நாம் இன்று வாழும் இந்தக் கன்னட நாட்டில், மைசூர் சமஸ்தானம் 1933-லேயே இந்துப் பெண்களின் சொத்துரிமைக்குச் சட்டம் செய்தது. சென்னை மாகாணத்தில் 1949-இல் இந்து இருதார மணத் தடையும் மணவிலக்கும் சட்டமாயின. 1955-இல் இந்துத் திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பது நீதிநூலிலிருந்து இறங்கிச் சட்டநூலுக்கு வந்தது, கிருஷ்ணனின் வாழ்நாளுக்குள்ளேயே.

ஆகவே, கலைவாணர் திரையில் காட்டிய இல்லறம் அவர் வீட்டில் வாழ்ந்த இல்லறத்தைவிட முன்னே சென்றது. இதைச் சொல்வதால் அவர் சிறுமைப்பட மாட்டார். மனைவியின் கேள்விக்கு முன் கணவன் அசடு வழிய வேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அந்தப் பாடத்தை அவர் மேலேயே நாம் வைத்துப் பார்க்கிறோம். அவர் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார் என்று நம்புகிறேன்.

இறுதி நாட்கள்

ஈட்டியதை அவர் சேர்த்து வைக்கவில்லை. கேட்டவருக்குக் கொடுத்தார், கேளாதவருக்கும் கொடுத்தார். நாகர்கோவிலில் தம் செலவில் காந்தியடிகளுக்கு நினைவுத் தூண் எழுப்பினார். பிறந்த மண் 1956 நவம்பர் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்ததைக் கண்ணால் கண்டார். அதே ஆண்டு ‘ராஜா ராணி’ படத்தில் சிரிப்பின் வகைகளைச் சிரித்தே காட்டினார். ‘மதுரை வீரன்’ படத்திலும் மதுரத்தோடு நடித்தார்.

1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், மஞ்சட்காமாலையால் நலிந்து, சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 48. கையிருப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மதுரம் அதன்பின் 17 ஆண்டுகள் வாழ்ந்து 1974-இல் மறைந்தார். 1969 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கலன்று, சென்னை தியாகராய நகரில் கலைவாணரின் சிலையை அன்றைய முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். நோயுற்றிருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. அடுத்த மாதம் 3-ஆம் நாள் அவரும் மறைந்தார். சிலையில் கிருஷ்ணன் தனியாக நிற்கிறார். எதிர்வாதம் பேச மதுரம் பக்கத்தில் இல்லை.

நமக்கு என்ன?

அன்புத் தோழர்களே, விடுதிக் கூடத்து வாதத்துக்கு வருகிறேன். கணவன் மனைவி உறவைச் சிரித்துக்கொண்டே அலசும் வழக்கம் 1995-இல் வந்ததன்று. மேல்நாட்டிலிருந்து மட்டும் வந்ததுமன்று. வழி தவறும் கணவனையும் கேள்வி கேட்கும் மனைவியையும் நம் மக்கள் முன்னமே அறிந்திருந்தார்கள். அந்த மனைவிக்குத் திரையில் குரல் கொடுத்து, அந்தக் கணவனைப் பார்த்து நாம் சிரிக்கப் பழக்கியவர்கள் கிருஷ்ணனும் மதுரமும்.

நான் இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் உறவினர் கூடியிருந்தபோது, பெரியவர் ஒருவர், பெங்களூரில் ஆராய்ச்சி செய்யப் போகிற பையனுக்கு எத்தனை பவுன் கேட்கலாம் என்று வேடிக்கை போலக் கணக்குப் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அக்காள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய கடனின் கடைசித் தவணை அந்த மாதம்தான் கட்டி முடிந்திருந்தது.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்துவிட்டது. ‘பணம்’ அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. இரண்டும் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், இருபத்து மூன்று வயதில், அறிவியல் படித்த நான், என் விலையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன். நம்மைத் தப்பவிடும் சிரிப்பு ஒன்று உண்டு; நம்மைப் பிடித்து நிறுத்தும் சிரிப்பு ஒன்று உண்டு. புனேயில் சொன்ன பொய்க்கு நாம் சிரிப்பது முதல் வகை. மதுரத்தின் கேள்விக்கு முன் கணவன் விழிக்கும்போது சிரிப்பது இரண்டாம் வகை. கலைவாணர் வாழ்க்கையில் இரண்டும் இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது என்பது நம் கையில்.

பெங்களூர் திரும்பிய மறுநாள் அந்தப் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து, என் பெயரில் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்று சொன்னேன். அவர் அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பரவாயில்லை. அக்காளிடமும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, சொன்னபடி நடப்பாயா என்று மட்டும் கேட்டாள்.